கால் விழுந்த நாயைத் தத்தெடுக்க நினைக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நம் ஊர்க் காப்பகங்களில் ஊனத்தோடு இருக்கும் நாய்களைப் பார்த்தால் பலவற்றுக்கும் கதை ஒன்றுதான்: வண்டி அடித்தது. நிறுத்தியிருந்த காருக்கு அடியில் நிழலுக்குப் படுத்திருந்தபோது சக்கரம் ஏறியிருக்கும்; பைபாஸைக் கடக்கும்போது இடுப்பில் அடி பட்டிருக்கும். அடுத்து, டிஸ்டெம்பர் காய்ச்சலில் பிழைத்த குட்டிகள். காய்ச்சல் போனபின்பும் நரம்பில் பாதிப்பு தங்கிவிடுவதால் தலையோ காலோ வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். கண்ணோரம் வந்த சின்னக் காயத்தில் ஈ முட்டையிட்டு, புழு வைத்து, கண்ணே போனவையும் உண்டு. பிறவியிலேயே காது கேளாதவை தனி. வெள்ளை ராஜபாளையத்தில் இந்தக் குறை அடிக்கடி வரும் என்பது அந்த இனத்தை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

இந்த நாய்களில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது “ரொம்பக் கஷ்டமா?” என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது: “பகல் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்?” பாசம் எல்லோரிடமும் இருக்கிறது. நாள் முழுக்க, குறித்த நேரத்தில், ஒரு ஆள் வீட்டில் இருப்பதுதான் கிடைக்காத பொருள். எந்த நாய் உங்களுக்கு ஒத்துவரும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

எந்தக் குறை, யாருக்கு?

மூன்று கால் நாய் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் சரிப்படும். காயம் ஆறியபின் அது ஓடும், படி ஏறும், பந்து பிடிக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் கவனியுங்கள். நாயின் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. ஆகவே பின்னங்கால் ஒன்றை இழந்த நாயைவிட முன்னங்கால் ஒன்றை இழந்த நாய்க்குச் சிரமம் கூடுதல். மிஞ்சியிருக்கும் முன்னங்காலின் தோள் மூட்டும் மணிக்கட்டும் சீக்கிரம் தேயும். பெரிய உடம்பு, முன்னங்கால் இல்லை, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

கண் தெரியாத நாய் பலர் பயப்படுகிற அளவுக்குச் சிரமம் தராது. வீட்டு வரைபடத்தை மூக்காலும் காலாலும் படித்துக்கொண்டுவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, சோஃபாவையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாமல் இருப்பதுதான். மாடிப்படிக்கும் பால்கனிக்கும் ஒரு தடுப்பு போடுங்கள். தொடுமுன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். காது கேளாத நாய்க்கு இதற்கு நேர்மாறு: கை ஜாடையில் பழக்க வேண்டும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறிக் கடித்துவிடலாம் என்பதால், மூக்குக்கு அருகே கையை நீட்டி வாசனை காட்டி எழுப்ப வேண்டும். கேட் திறந்திருந்தால் வெளியே போய்விடும், ஹாரன் கேட்காது. அதனால் கட்டாமல் வெளியே விடவே கூடாது.

இரண்டு பின்னங்காலும் விழுந்த நாய்தான் உண்மையில் வேலை வாங்கும் நாய். காப்பகங்களில் வருடக்கணக்கில் தங்கிவிடுவதும் இவைதான். இந்தக் கட்டுரையின் மீதி முழுக்க இவற்றைப் பற்றியது.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை

சென்னையில் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா, திருவண்ணாமலையில் அருணாசலா விலங்குகள் சரணாலயம் போன்ற இடங்களிலும், தனி ஆட்கள் நடத்தும் சிறிய காப்பகங்களிலும் இந்த நாய்களைப் பார்க்கலாம். முதல் முறை போகும்போதே நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பராமரிக்கும் அண்ணனோ அக்காவோ பக்கத்தில் இருக்கும் நேரமாகப் போய், உட்கார்ந்து பேசுங்கள். டாக்டரைவிட அவர்களுக்கு அந்த நாயின் தினசரி நன்றாகத் தெரியும்.

முதல் கேள்வி: சிறுநீர் தானாகப் போகிறதா, அமுக்கி எடுக்க வேண்டுமா, சொட்டிக்கொண்டே இருக்கிறதா? இந்த மூன்றும் மூன்று விதமான வாழ்க்கை. பதில் தெளிவாக வரவில்லையென்றால் ஒரு வேளை அங்கேயே இருந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்து, அடிபட்டு எவ்வளவு நாள் ஆயிற்று, எக்ஸ்ரே இருக்கிறதா, கால் விரலை அழுத்திப் பிடித்தால் வலி தெரிகிறதா என்று கேளுங்கள். காலை உள்ளுக்கு இழுப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா என்பதைத்தான் மருத்துவர் பார்ப்பார். ஆழமான வலி உணர்வு இருக்கும் நாய் மறுபடி நடக்க வாய்ப்பு உண்டு. முதுகெலும்பு முறிந்து அந்த உணர்வும் போன நாய்க்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. “எங்கள் அன்பால் நடக்க வைத்துவிடுவோம்” என்று கிளம்பிவருபவர்களை நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பார்ப்பேன். நடக்காமலே இருக்கப்போகும் நாயாக ஏற்றுக்கொண்டு எடுங்கள், நடந்தால் சந்தோஷம்.

மற்றவை வழக்கமானவை: தடுப்பூசி அட்டை, கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி, கருத்தடை ஆகிவிட்டதா (தெரு நாயென்றால் காதில் வெட்டு அடையாளம் இருக்கும்), உண்ணிக் காய்ச்சல் வந்து குணமானதா, குழந்தைகளோடும் பூனைகளோடும் எப்படி. டிஸ்டெம்பரில் பிழைத்த நாயென்றால், கிருமி வெளியேறுவது நின்றுவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் தடுப்பூசி போடாத குட்டிகள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

முடிந்தால் ஃபாஸ்டர் எடுங்கள். அதாவது நாய் காப்பகத்தின் பொறுப்பிலேயே இருக்கும். சில வாரம் உங்கள் வீட்டில் தங்கும். இரு தரப்புக்கும் மரியாதையான ஏற்பாடு இது. முடியவில்லை என்றால் சொல்லித் திருப்பிக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாருக்கும் தெரியாமல் தெருவில் விட்டுவிட்டு வருவதுதான் குற்றம், 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

தரை

நம் வீடுகளில் இருக்கும் வழுவழுப்பான டைல்ஸ் இந்த நாய்களுக்கு எதிரி. முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுக்க வேண்டிய நாய்க்குத் தரையில் பிடிமானம் வேண்டும். இல்லாவிட்டால் தோள் சீக்கிரமே பழுதாகிவிடும். அது நடமாடும் பாதையில் ரப்பர் மேட் போடுங்கள். பழைய யோகா மேட்டை வெட்டிப் போட்டாலும் போதும். சிமென்ட் தரை பிடிமானம் தரும், ஆனால் உப்புத்தாள் மாதிரி தோலைத் தேய்த்துவிடும். மொட்டை மாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் இழுத்துக்கொண்டு அலைய விடாதீர்கள். தென்னை நார் மிதியடி கூடவே கூடாது.

படுக்கைக்கு நல்ல தடிமனான ஃபோம், அதன்மேல் ரெக்சின் உறை, அதற்கு மேல் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போட்டால் போதும். புடவையை நனைந்தவுடன் உருவித் துவைத்துப் போடலாம், சீக்கிரம் காயும். நாலு புடவை சுழற்சியில் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் ஒரு மூட்டையே தருவார்.

கால் விழுந்த நாயால் வெயில் வந்தால் சட்டென்று நகர முடியாது. சூடும் தெரியாது. காலையில் நிழலாக இருக்கும் பால்கனி பதினொரு மணிக்குத் தணலாகிவிடும். கத்திரி வெயிலில் இது உயிருக்கே ஆபத்து. குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

சிறுநீர்: இதுதான் முக்கியப் பாடம்

முதுகெலும்பில் அடிபட்ட நாய்களில் பலவற்றுக்குச் சிறுநீர்ப்பை நிறைவது தெரியாது, தெரிந்தாலும் காலி செய்ய முடியாது. நிறைந்து வழிந்து சொட்டுவதைப் பார்த்து “தானாகத்தான் போகிறதே” என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. உள்ளே தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும், சிறுநீர்ப்பைத் தசை இழுபட்டுத் தளர்ந்துபோகும், கடைசியில் சிறுநீரகம் வரை போகும். கால் விழுந்த நாய்கள் நோயில் விழுவதற்கு முதுகெலும்பைவிட இதுதான் அடிக்கடி காரணமாகிறது.

ஆகவே கையால் அமுக்கி எடுக்கப் பழக வேண்டும். எழுத்தில் படித்து மட்டும் தொடங்காதீர்கள். காப்பகத்திலோ கால்நடை மருத்துவரிடமோ அவர்கள் கைக்கு மேல் உங்கள் கையை வைத்து ஒருமுறை, உங்கள் கைக்கு மேல் அவர்கள் கையை வைத்து ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். இங்கே சொல்வது வீட்டில் நினைவுபடுத்திக்கொள்ள மட்டும்.

நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அல்லது இடுப்புக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்து நிற்கும் நிலையில் தாங்கிக்கொள்ளுங்கள். குளியலறையில் செய்வது வசதி. அடிவயிற்றில், தொடைக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் உள்ளங்கையைத் தட்டையாக வையுங்கள். விரல் நுனியால் குத்த வேண்டாம். உள்ளே தண்ணீர் நிரம்பிய பலூன் போல ஒன்று உருண்டையாகத் தட்டுப்படும். அதை இரு கைக்கும் நடுவில் கொண்டுவந்து, மெதுவாக, விடாமல், வால் பக்கமாக அழுத்துங்கள். முதல் சில நொடி ஒன்றும் வராது. நாயும் வயிற்றை இறுக்கும். நீங்கள் மூச்சு விட்டுப் பொறுமையாக அழுத்தம் கொடுத்தால் தாரையாக வரும். தாரை நின்றதும் கையை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி தடவிப் பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

பலூன் கல் மாதிரி இறுகியிருந்து, அழுத்தியும் சொட்டுகூட வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். உள்ளே கிழிந்துவிடலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இது நாளைக்குத் தள்ளிப்போடும் விஷயம் அல்ல. அடிபட்ட இடத்தைப் பொறுத்துச் சில நாய்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாசல் தசை இறுகிக்கொள்ளும், சிலவற்றுக்குத் தளர்ந்து சொட்டிக்கொண்டே இருக்கும். இறுகும் நாய்களுக்குத் தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

எத்தனை முறை? ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு. ஆறு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை ஆறு, பகல் ஒன்று, மாலை ஏழு, படுக்கும் முன் பதினொன்று என்று வைத்துக்கொண்டால் நடக்கும். காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு இரவு எட்டு மணிக்கு வரும் வீட்டில் இது நடக்காது. முதலில் கேட்ட “பகல் இரண்டு மணிக்கு யார்?” என்ற கேள்வியின் அர்த்தம் இதுதான். தாத்தா பாட்டி வீட்டில் இருக்கும் குடும்பங்களில் இந்த நாய்கள் நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் சம்மதத்தை முதலில் கேட்டுவிடுங்கள். “நீங்கதான் சும்மா இருக்கீங்களே அப்பா” என்று அவர் தலையில் கட்டிவிடுவது நாய்க்கும் நல்லதல்ல, அப்பாவுக்கும் நல்லதல்ல.

கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் சிறுநீர் வழியாகப் பரவும், மழைக்காலத்தில் கூடுதலாக. நாய்க்கு அதற்கான தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும். சிறுநீரில் திடீரென்று நாற்றம் கூடினாலோ, கலங்கினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, நாய் சாப்பிடாமல் சுருண்டாலோ கிருமித்தொற்று என்று எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குக் கொடுங்கள். போன முறை எழுதிய ஆன்டிபயாடிக் சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். அரைகுறையாகக் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் எந்த மருந்தும் கேட்காத நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

மலம் இதைவிட எளிது. பல நாய்களுக்கு அனிச்சையாக வெளியேறிவிடும். சிறுநீர் எடுத்து முடித்தபின் ஆசனவாயைச் சுற்றி ஈரத் துணியால் லேசாகத் தடவினாலே வரும். நாய்க்குத் தெரியாமல் போவதால், கெட்டியாக இருந்தால் எடுத்துப் போட்டுவிடலாம், இளகியிருந்தால் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். எனவே சாப்பாட்டை அடிக்கடி மாற்றாமல் ஒரே மாதிரி வையுங்கள். சோறும் வேகவைத்த கோழியும் கொஞ்சம் மஞ்சள் பூசணியும் பல நாய்களுக்கு ஒத்துப்போகிறது.

டயப்பர், தோல், ஈ

டயப்பர் உங்கள் சோஃபாவைக் காப்பாற்றும். நாயைக் காப்பாற்றாது. சிறுநீரை ஒழுங்காக எடுத்துவிட்டால் டயப்பர் பாதி நேரம் தேவைப்படாது. போட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் மாற்றுங்கள். கடையில் கிடைக்கும் குழந்தை டயப்பரிலேயே வாலுக்கு ஓட்டை போட்டுப் பயன்படுத்தலாம். ஆண் நாய்க்கு இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்லி பேண்ட் போதும். தினமும் சில மணி நேரமாவது டயப்பர் இல்லாமல் காற்றாட விடுங்கள்.

சிறுநீர் படும் இடத்தில் முடியைக் குறைத்து வெட்டி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, மெல்லிசாகத் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். குழந்தைகளுக்குப் பூசும் ஜிங்க் ஆக்சைடு கிரீமைப் பூச வேண்டாம். நக்கினால் நாய்க்கு நஞ்சு.

படுத்தே இருக்கும் நாய்க்கு இடுப்பெலும்பு, முட்டி, கணுக்கால் ஆகிய இடங்களில் படுக்கைப் புண் வரும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். தினமும் ஒருமுறை, பல் தேய்ப்பது போல வழக்கமாக்கிக்கொண்டு, உடம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். வலி தெரியாத பகுதியில் புண் வந்தால் நாய் உங்களுக்குச் சொல்லாது. சில நாய்கள் உணர்வில்லாத கால்விரலைத் தாமே கடித்துத் தின்னவும் செய்யும். அப்படித் தொடங்கினால் உடனே கடிக்க விடாமல் தடுக்கும் கழுத்துக் கூம்பை மாட்டி மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்துக்குத் துணி சுற்றும்போது இறுக்கிக் கட்டாதீர்கள், இரத்த ஓட்டம் நின்றால்கூட அதற்குத் தெரியாது.

நம் ஊரில் புண்ணைவிடப் பெரிய எதிரி ஈ. ஈரமான, நாறும், நகர முடியாத உடம்பில் அது முட்டையிட ஒரு பொழுது போதும். அடுத்த நாளே புழு நெளியும். சின்னச் சிராய்ப்பாக இருந்தாலும் ஈ அண்டாமல் தடுக்கும் கால்நடை ஸ்பிரேவை அடியுங்கள், டாபிக்யூர் மாதிரியானவை எல்லாக் கால்நடை மருந்துக் கடையிலும் கிடைக்கும். பகலில் கொசுவலைக்குள் படுக்க வைத்தால் இன்னும் நல்லது. புழு வைத்துவிட்டால் டர்பன்டைன் ஊற்றிப் பார்க்கிற வேலையை வீட்டில் செய்யாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

வீல்சேர் அவசரமில்லை

தத்தெடுத்த மறுநாளே வண்டி வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். முதலில் மருத்துவர் முதுகெலும்பு நிலையாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், புண்கள் ஆற வேண்டும், நாய் உங்களை நம்ப வேண்டும். முன்னங்கால்கள் பலமாக இருந்தால் பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டி போதும். முன்னங்காலும் தளர்ந்திருந்தால் நாலு சக்கரம் வேண்டும்.

அளவுதான் எல்லாம். மார்பின் சுற்றளவு, தோளிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், தொடை இடுக்கிலிருந்து தரை வரை உயரம், எடை. இவற்றை நாயை நிற்கும் நிலையில் தாங்கிப் பிடித்து இரண்டு பேராக எடுங்கள். மாட்டியபின் முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கியிருந்தால் எடை முழுதும் தோளில் இறங்கும், தாழ்ந்திருந்தால் முதுகு வளையும். பிவிசி குழாயும் எல்போ மூட்டுகளும் சின்ன சைக்கிள் சக்கரமும் வைத்து வீட்டிலேயே செய்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் ஓடுகிறது. தொடை இடுக்கில் படும் குழாய்க்கு மட்டும் தடியாக ஸ்பாஞ்சு சுற்றுங்கள்.

முதல் நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கழற்றியவுடன் வார் பட்ட இடங்களில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியோடு தனியாக விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். வண்டியில் இருக்கும்போது நாயால் படுக்க முடியாது, கவிழ்ந்தால் எழவும் முடியாது. எங்கள் தெருவில் வண்டி நாய் ஒன்று போனால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும். சிலர் செல்போனை எடுப்பார்கள். நாய் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. அதன் கவலை முழுக்க எந்த மின்கம்பத்தை முதலில் மோந்து பார்ப்பது என்பதுதான்.

வீட்டுக்குள் வண்டி தேவையில்லை. இடுப்புக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் முன்னங்காலில் நடந்துவிடும்.

கைகால் பயிற்சியும் எடையும்

அசையாத மூட்டு இறுகிவிடும். நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு காலையும் சைக்கிள் மிதிப்பது போல மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை சுற்றுங்கள். நாய் முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். சென்னை வேப்பேரியில் இருக்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஒருமுறையாவது கொண்டுபோய் எலும்பு, நரம்பு பார்க்கும் பிரிவில் காட்டிவிடுங்கள். 1903-இல் தொடங்கிய கல்லூரி. இப்படிப்பட்ட நாய்களைப் பார்த்துப் பழகிய கைகள் அங்கே உண்டு. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் இருப்பவர்களுக்கும் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

எடையை ஏற விடாதீர்கள். பாவம் என்று ஆளுக்கொரு பிஸ்கட் போட்டே பல நாய்களைக் குண்டாக்கிவிடுகிறோம். விலா எலும்பைத் தடவினால் தட்டுப்பட வேண்டும், அதுதான் கணக்கு. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. எனவே சாம்பார் சாதமும் பிரியாணி மிச்சமும் வேண்டாம். வலியில் இருப்பதாகத் தோன்றினால் வீட்டில் இருக்கும் புரூஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள். மனித வலி மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும்.

வீட்டு ஓனர், அசோசியேஷன், உரிமம்

வாடகை வீடென்றால் நாயைக் கொண்டுவரும் முன்பே ஓனரிடம் பேசிவிடுங்கள். குரைக்கும் நாய் என்பதைவிட “வாடை வரும்” என்பதுதான் அவர்கள் பயம். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் சங்கம் வளர்ப்பு நாய்க்குத் தடை போடவோ லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் நாளே நீட்டாதீர்கள். நாயைப் பார்த்தால் பலர் இளகிவிடுகிறார்கள். “ஏம்ப்பா, நல்ல நாயா ஒண்ணு கிடைக்கலையா உனக்கு?” என்று கேட்ட பெரியவரே அடுத்த வாரம் அதற்கு முட்டை அவித்துக் கொண்டுவந்து தருவார்.

பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மற்ற ஊர்களில் உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படியே, நாயைத் தினமும் கையாளப்போகும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னும் இரண்டு விஷயம்

தீபாவளிக்கு முன்பே யோசியுங்கள். வெடிச் சத்தத்துக்கு மற்ற நாய்கள் கட்டிலுக்கு அடியில் ஓடும். கால் விழுந்த நாய் பதற்றத்தில் கண்மண் தெரியாமல் உடம்பை இழுத்துத் தோலைக் கிழித்துக்கொள்ளும். ஜன்னல் இல்லாத அறை, சத்தமாக ஒரு மின்விசிறி, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் சமாளிக்கலாம். போன ஆண்டு ரொம்பப் பயந்ததென்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கி வையுங்கள்.

அப்புறம், நீங்கள் ஊருக்குப் போகும் நாள். சாதாரண நாயைப் போர்டிங்கில் விடுவதுபோல இதை விட முடியாது. சிறுநீர் அமுக்கத் தெரிந்த ஆள் பெரும்பாலான போர்டிங்குகளில் இருக்க மாட்டார். அதனால் தத்தெடுத்த முதல் மாதத்திலேயே உங்களைத் தவிர இன்னொருவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள். தம்பியோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணோ, காப்பகத்தில் வேலை செய்யும் அக்காவுக்குக் கூலி கொடுத்தோ, யாராக இருந்தாலும் சரி. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பத்துப் பதினைந்து முறை அவர் கையால் செய்யட்டும். நேர அட்டவணை, மாத்திரைப் பெயர்கள், மருத்துவரின் எண், எவ்வளவு சாப்பாடு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். திடீரென்று உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்தாலும் அந்தத் தாளும் அந்த இன்னொரு ஆளும் இருந்தால் நாயின் பகல் ஒரு மணி தவறாது.